கேமராவும் களக்குறிப்பேடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திரைப்படத்தையும் சமூக மானுடவியலையும் இணைத்துப் படிக்கும் இளங்கலைப் பட்டத்தில் சேர விரும்புகிறேன். ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. மானுடவியல் எனக்குக் கதைகளைத் தரும், திரைப்படக் கல்வி அவற்றைச் சொல்லும் முறையைத் தரும் என்று நம்புகிறேன். இரண்டையும் அரைகுறையாகக் கற்று எதிலும் தேறாமல் போய்விடுவேனோ என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வீட்டாரின் அச்சத்தைவிட உங்கள் நம்பிக்கையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. மானுடவியலைக் கதைச் சுரங்கமாகக் கருதிக்கொண்டு உள்ளே நுழைந்தால் முதலாண்டிலேயே ஏமாற்றம் நேரும். பிறர் வாழ்க்கையைச் சொல்ல உங்களுக்கு உரிமை எங்கிருந்து வந்தது என்று ஓயாமல் கேட்கும் துறை அது.

1922ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மக்களோடு நெடுங்காலம் வாழ்ந்து செய்யும் களப்பணிக்கு இலக்கணமாக அமைந்த, மானுடவியலாளர் மலினோவ்ஸ்கியின் டிரோபிரியாண்ட் தீவுகள் (பசிபிக் பெருங்கடலில் உள்ளவை) பற்றிய நூலும், கனடாவின் வடக்கில் வாழும் இனுயிட் மக்களைப் பற்றி ராபர்ட் ஃபிளாஹர்ட்டி எடுத்த ‘நனூக்’ படமும் அவ்வாண்டில்தான் வெளிவந்தன. துப்பாக்கி அவர்களிடையே புழக்கத்துக்கு வந்துவிட்ட காலத்தில், படத்துக்காக அவர்கள் ஈட்டியால் சீலை ஒத்த கடல்விலங்கான வால்ரஸை வேட்டையாடினார்கள். பனிவீட்டினுள் போதிய வெளிச்சம் இல்லாததால், ஒரு பக்கம் திறந்த வீடு ஒன்று கட்டப்பட்டது. திரைப்படம் பயின்றவருக்கு இது ஒளியமைப்புச் சிக்கலுக்குக் கண்ட தீர்வு. மானுடவியல் பயின்றவருக்கோ, வாழும் மக்களைக் கடந்த காலத்துக்குள் தள்ளிவைக்கும் செயல். படத்தை மோசடி என்று ஒதுக்கிவிடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அந்த மக்களே கேமராவைப் பழுதுபார்க்கவும், எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்து அடுத்ததைத் திட்டமிடவும் துணைநின்றார்கள். இந்த மூன்று உண்மைகளையும் ஒருசேர மனத்தில் நிறுத்தி வாதிடும் பழக்கத்தைத்தான் இணைப் படிப்பு உங்களுக்குத் தர வேண்டும்.

எழுத்தில் இயல்வது படத்தில் இயலாத இடங்களும் உண்டு. மானுடவியல் நூலில் ஊரின் பெயரையும் ஆளின் பெயரையும் மாற்றி அடையாளத்தைக் காக்கலாம். கேமரா முதலில் காட்டுவதே முகத்தைத்தான். ஆகவே, ஒருவரிடம் ஒருமுறை சம்மதம் பெற்றுவிட்டால் போதாது. படத்தொகுப்பில் அவருடைய சொற்கள் எந்தக் காட்சிக்குப் பக்கத்தில் போய் அமர்கின்றன என்பதையும் அவர் அறிய வேண்டும். மானுடவியலாளரான ழான் ரூஷ், சமூகவியலாளர் எட்கர் மோரனுடன் பாரிஸில் எடுத்து 1961இல் வெளியிட்ட ‘ஒரு கோடைக்காலத்தின் பதிவு’ (Chronicle of a Summer) என்ற படத்தில் இதற்கு ஒரு வழி காட்டினார். படத்தில் இடம்பெற்றவர்களுக்கே எடுத்த காட்சிகளைத் திரையிட்டு, அவர்கள் முரண்பட்டுப் பேசியதையும் படத்தின் பகுதியாக்கினார். நீங்கள் ஆவணப்படம் எடுக்கப் போவதால் அந்தப் பகுதியை அவசியம் பாருங்கள்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. அதை ஏனோ பலர் கவனிப்பதில்லை. படம் எடுப்பவர்களே களமாகலாம். மலினோவ்ஸ்கியின் மாணவியான ஹார்ட்டென்ஸ் பவுடர்மேக்கர், பசிபிக் தீவு ஒன்றில் களப்பணி செய்தவர். பிற்காலத்தில் ஹாலிவுட்டுக்குச் சென்று, தயாரிப்பாளர்களும் எழுத்தாளர்களும் நடிகர்களும் எந்த அதிகார உறவுகளுக்குள் வேலை செய்கிறார்கள் என்று ஆராய்ந்து 1950இல் நூல் எழுதினார்.

அரைகுறை என்ற அச்சத்துக்கு வருகிறேன். இரண்டு துறைகளின் எல்லாப் பாடங்களையும் நீங்கள் படிக்க முடியாது. அந்த இழப்பு உண்மையானது. அதைவிடப் பெரிய ஆபத்து, இரு துறைகளும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே பாடம் நடத்துவது. மேலும், பல பல்கலைக்கழகங்களில் திரைப்படப் படிப்பு என்பது வரலாறு, கோட்பாடு, விமர்சனம் ஆகியவற்றைக் கற்பது. கேமராவைக் கையில் தரும் பயிற்சி அதில் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். எனவே சேருமுன் பாடத்திட்டத்தை வரிவரியாகப் படியுங்கள். படப்பிடிப்புப் பயிற்சி எந்த ஆண்டில் வருகிறது, இறுதியாண்டு ஆய்வை இரு துறை ஆசிரியர்களும் சேர்ந்து வழிநடத்துவார்களா, ஆய்வேட்டுடன் ஒரு படத்தையும் சமர்ப்பிக்கலாமா என்று துறைக்கே எழுதிக் கேளுங்கள். மூன்றுக்கும் மழுப்பலான பதில் வந்தால், மானுடவியலை மட்டும் முதன்மைப் பாடமாக எடுத்துக்கொண்டு படமெடுப்பதை வேறிடத்தில் பயிலலாம் என்பதே என் எண்ணம்.

அன்புடன்,
ஆசிரியர்