மைனஸில் போன சம்பளக் கணக்கு: 3,996 ரூபாயையும் கட்ட வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் தொடங்கிய சம்பளக் கணக்கு அது. வேலை மாறியதும் அப்படியே விட்டுவிட்டேன். அப்போது 2,140 ரூபாய் இருந்தது. இப்போது மைனஸ் 3,996 காட்டுகிறது. கணக்கை மூடப் போனால், ‘முதலில் மைனஸைக் கட்டுங்கள்’ என்கிறார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா? ஸ்டேட்மென்ட் இணைத்துள்ளேன்.

பதில்: முழுத் தொகையையும் கட்ட வேண்டியதில்லை. அதற்காக ‘ஒரு பைசா தர மாட்டேன்’ என்று போய் நிற்காதீர்கள்.

சம்பளம் வருவது நின்றதும் உங்கள் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிட்டது. மினிமம் பேலன்ஸ் இல்லையென்று அபராதம் விழுந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் ஒரு விதி போட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மினிமம் பேலன்ஸ் அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்பதே அது. பிடிப்பதானாலும் முன்கூட்டியே தகவல் சொல்லி, ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும்.

ஆனால் இந்த விதி மினிமம் பேலன்ஸ் அபராதத்துக்கு மட்டும்தான். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உங்கள் ஸ்டேட்மென்டைத் தேதி வாரியாகப் பார்த்தேன். முதலில் எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) தவணை இரண்டு முறை பவுன்ஸ் ஆகி, ஜிஎஸ்டியோடு 590 வீதம் 1,180 போயிருக்கிறது. அது நியாயமான கட்டணம்தான். மீதி 960. பிறகு மாதம் 590 வீதம் எட்டு முறை மினிமம் பேலன்ஸ் அபராதம், மொத்தம் 4,720. முதல் மாதம் 590 எடுத்தது சரி. அடுத்த மாதம் மிச்சமிருந்த 370-ஐ எடுத்திருக்கலாம். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மீதி 3,760 ரூபாய் விதிக்குப் புறம்பானது. கணக்கு காலியான பிறகு பிடித்த டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம் 236 தனி. ஆக நீங்கள் கட்ட வேண்டியது 236 ரூபாய்தான்.

கிளை மேலாளர் ‘பாதி தள்ளுபடி செய்கிறேன்’ என்பார். பெரிய மனதோடு சொல்வது போலத்தான் இருக்கும், ஒத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன கணக்கை அப்படியே கடிதமாக எழுதி, ‘3,760 ரூபாயைத் திருப்பி வரவு வைக்கவும், மினிமம் பேலன்ஸ் குறித்து எந்தத் தேதியில் எனக்குத் தகவல் அனுப்பினீர்கள் என்று தெரிவிக்கவும்’ என்று கேளுங்கள். நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். தகவலே அனுப்பவில்லை என்றால், அந்த 960-ஐயும் திருப்பிக் கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) ஆன்லைனில் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. வழி தெரியாவிட்டால் 14448-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே கேட்கலாம். சீல் போட்ட நகல் அப்போதுதான் கைகொடுக்கும்.

அதுவரை அந்தக் கணக்கில் பணம் போடாதீர்கள். போட்டதும் மைனஸுக்கு எடுத்துக்கொள்வார்கள். வருமான வரி ரீஃபண்டோ கேஸ் மானியமோ அந்தக் கணக்கோடு இணைந்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். எஸ்ஐபி மேண்டேட்டையும் (கணக்கிலிருந்து தவணை பிடிக்க நீங்கள் கொடுத்த அனுமதி) புதிய கணக்குக்கு மாற்றுங்கள். அப்புறம், கணக்கு முடிந்ததும் ‘நிலுவை இல்லை’ என்று எழுத்தில் வாங்காமல் கிளையை விட்டு வராதீர்கள்.