வெளிக்குழாயை அடைக்கும் உள் வால்வு எங்கே இருக்கும்?

தம்பி, புதிதாக வாங்கிய வீட்டில் உங்களுக்கு இதுதான் முதல் குளிர்காலம் என்றும், உறைபனி தொடங்குமுன் தோட்டத்து வெளிக்குழாயை உள்ளேயிருந்து அடைத்துவிடச் சொல்லிப் பக்கத்து வீட்டார் அறிவுறுத்தினார்கள் என்றும், தேடித் தேடியும் அந்த வால்வு கண்ணில் படவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். வெளியே திருகு இருக்கும்போது உள்ளே இன்னொன்று எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், எங்கே தேடுவது என்பதும் பாதி விளங்கிவிடும்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது. வெளித்திருகை எவ்வளவுதான் இறுக்கி மூடினாலும், அதற்குப் பின்னால் சுவரை ஊடுருவி வரும் குழாயில் தண்ணீர் நின்றுகொண்டுதான் இருக்கும். அந்தத் தண்ணீர் உறையத் தொடங்கி, பனிக்கட்டிக்கும் மூடிய திருகுக்கும் நடுவே அகப்பட்ட நீரின் அழுத்தம் ஏறிக்கொண்டே போனால், செப்புக் குழாய்கூடப் பிளந்துவிடும். பிளந்த அன்றே தெரிந்தாலும் பரவாயில்லை. விரிசலைப் பனிக்கட்டியே அடைத்துக்கொண்டிருப்பதால், பனி உருகியபின் அல்லது வசந்தத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விடத் திறக்கும்போதுதான் சுவருக்குள் நீர் கொட்டும். ஆகவே அந்தக் குழாய்க்கென்று தனி வால்வு ஒன்றை வீட்டின் சூடான பகுதியில், குளிர் எட்டாத இடத்தில் பொருத்துகிறார்கள். நீங்கள் தேட வேண்டியதும் அங்கேதான்.

முதலில் வெளியே நின்று, குழாய் எந்தச் சன்னலிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். சன்னல் இல்லாத பக்கமானால், துணி உலர்த்தும் இயந்திரத்தின் காற்றுப்போக்கியைப் போல உள்ளும் புறமும் தெரியக்கூடிய ஏதாவது ஒன்றை அடையாளமாகக் கொள்ளலாம். பிறகு நிலவறைக்குள் இறங்கி, உட்புறத்தில் அதே அளவை அளந்து, சுவரின் மேல் விளிம்பை டார்ச் வெளிச்சத்தில் அண்ணாந்து பாருங்கள். உத்தரச் சட்டங்களுக்கு இடையில் அரை அங்குலமோ முக்கால் அங்குலமோ உள்ள குழாய் ஒன்று சுவரைத் துளைத்து வெளியே போவது தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு வீட்டின் உட்பக்கமாக வாருங்கள். பெரும்பாலும் சில அடிகளுக்குள் வால்வு வந்துவிடும்.

நிலவறைக்குக் கூரையும் சுவரும் அடித்து அறையாக்கியிருந்தால் வேலை சற்றுக் கூடும். வெளிக்குழாயை ஒருவர் திறந்துவிட, மற்றவர் உள்ளே சுவரில் காதை வைத்துக் கேட்டால், தண்ணீர் ஓடும் இரைச்சல் குழாய் போகும் வழியைக் காட்டிக் கொடுக்கும். அந்த வழியில், சுவரோடு சுவராக வெள்ளைச் சாயம் பூசப்பட்ட சிறு பிளாஸ்டிக் கதவு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சாயம் பூசியவர் அதன் விளிம்பையும் சேர்த்துப் பூசியிருந்தால் எதிரே நின்றாலும் தெரியாது, கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கும் இல்லையென்றால் தண்ணீர் மீட்டர், வெந்நீர்க் கொதிகலன், சலவை இயந்திரத்தின் பின்புறம், சமையலறைத் தொட்டியின் அடிப்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். வீடு வாங்குமுன் ஆய்வாளர் எழுதிக் கொடுத்த அறிக்கையையும் ஒருமுறை புரட்டுங்கள். நம்மில் பலர் அதைக் கையெழுத்துக்குப் பிறகு திறப்பதேயில்லை.

ஒரு வால்வு அகப்பட்டவுடன் அதுதான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். வெளியே தண்ணீரை ஓடவிட்டு அதை மூடுங்கள். சிறிது நேரத்தில் வெளியே ஓட்டம் நின்றால் அதுவே சரியான வால்வு. நெம்புகோல் போன்ற கைப்பிடி உடையதைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். கைப்பிடி குழாய்க்குக் குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது என்று பொருள். வட்டப் பிடி உடையதைக் கடிகார முள் சுற்றும் திசையில் பலமுறை திருக வேண்டும். பல ஆண்டுகள் தொடாத பழைய வட்டப் பிடியைக் குறடு போட்டு முறுக்காதீர்கள், தண்டு ஒடிந்துவிடும். திருகியபின் தண்டின் அடியில் நீர் கசிந்தால், அங்குள்ள மரையை (நட்டை) சற்றே இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

மூடியதோடு வேலை முடிவதில்லை. இடையில் தேங்கிய நீரையும் வடிக்க வேண்டும். ரப்பர்க் குழாயைக் கழற்றிவிட்டு வெளித்திருகைத் திறந்து வையுங்கள். உள் வால்வின் பக்கவாட்டில் விரல் நுனியளவு பித்தளை மூடி ஒன்று இருந்தால், கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு அதைத் தளர்த்துங்கள்; காற்று உள்ளே புக, மிச்சத் தண்ணீர் வடியும். சொட்டு நின்றதும் மூடியைத் திரும்ப இறுக்கிவிட்டு, வெளித்திருகைக் குளிர்காலம் முழுவதும் திறந்தபடியே விடலாம்.

இத்தனைக்கும் பிறகு வால்வு அகப்படவில்லையென்றால், உங்கள் வெளிக்குழாய் உறையாத வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அதன் தண்டு நீளமானது. வெளியே திருகினாலும், தண்ணீரை அடைக்கும் பகுதி சுவரைத் தாண்டிச் சூடான பக்கத்தில் இருக்கிறது. இதற்குத் தனி வால்வு வைக்காமல் விட்ட வீடுகளும் உண்டு. ஆனால் ரப்பர்க் குழாயை மாட்டியபடியே விட்டால் நீர் வடிய வழியின்றி இதுவும் பிளந்துவிடும். சாதாரண வகைதான், உள் வால்வும் இல்லை என்று உறுதியானால், உறைபனிக்கு முன்பே பிளம்பரை அழைத்து ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். அவர் வருமுன் மீட்டரருகே உள்ள முதன்மை வால்வு எது என்பதையாவது வீட்டிலுள்ள எல்லாருக்கும் காட்டி வையுங்கள்.