ஒலி சரியில்லை என்று வழக்குப் போடாதீர்கள்

கேள்வி: கோவையில் வீட்டிலேயே சின்ன ஸ்டுடியோ வைத்து டப்பிங், ஆடியோ எடிட்டிங் செய்கிறேன். சென்னைக் கடை ஒன்றில் ஆன்லைனில் 32,000 ரூபாய்க்குக் கையடக்க ஹெட்போன் டேக்–ஆம்ப் (டிஜிட்டல் ஒலியை மாற்றி, ஹெட்போனுக்குப் பெருக்கித் தரும் கருவி) வாங்கினேன். ஒலி சப்பென்று இருக்கிறது. நண்பரின் 9,000 ரூபாய் கருவியும் இதுவும் ஒரே மாதிரிதான் கேட்கின்றன. புகார் சொன்னதற்கு, “200 மணி நேரம் ஓட விடுங்கள், ஒலி திறந்துகொள்ளும்” என்றார்கள். ஓட விட்டேன், அதற்குள் 7 நாள் ரிட்டர்ன் கெடு முடிந்துவிட்டது. இப்போது, “உங்களுக்குக் காது பழகவில்லை” என்று கிண்டல் செய்கிறார்கள். 24,000 ரூபாய்க்கு ஸ்டோர் கிரெடிட் தருகிறார்களாம். கருவியைத் திறந்து உள்ளே என்ன சிப் இருக்கிறதென்று பார்க்கலாம் என்கிறார் நண்பர். பெட்டியின் படங்கள், பில், வாங்குவதற்கு முன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் இணைத்துள்ளேன். 5 லட்சம் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: கிண்டல், காது, நண்பரின் கருவி எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். விலைக்கேற்ற ஒலி வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால் கேள்வி கேட்கலாம். 32,000 ரூபாய்ப் பொருள் 9,000 ரூபாய்ப் பொருள் மாதிரி ஒலிக்கிறது என்பது வழக்கு அல்ல. நன்றாக வடிவமைத்த கருவிகளில் இரைச்சலும் திரிபும் காதுக்கு எட்டாத அளவுக்குக் குறைந்துவிட்ட காலம் இது. இரண்டும் ஒரே மாதிரி கேட்பதில் ஆச்சரியம் ஏதுமில்லை.

நீங்கள் அனுப்பிய காகிதங்களில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரிதான். பணம் கட்டுவதற்கு முந்தைய நாள் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியது: “உங்க 300 ஓம் ஹெட்போனுக்கு 3.5 ஜாக்லயே 100 மில்லிவாட் வரும் சார், தைரியமா எடுங்க.” கடிதத்தில் இதை நீங்கள் குறிப்பிடக்கூட இல்லை.

பெட்டியின் படத்தைப் பாருங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் 500 மில்லிவாட். பக்கவாட்டில் பொடி எழுத்தில், அந்த 500 என்பது 4.4 மி.மீ. பேலன்ஸ்டு வழியில் (3.5 ஜாக்கைவிடக் கூடுதல் வோல்ட் தரும் தனி ஜாக்), 32 ஓம் சுமைக்கு (ஓம் என்பது ஹெட்போனின் மின்தடை) என்று இருக்கிறது. 32 ஓமில் 500 மில்லிவாட் என்றால் 4 வோல்ட். 3.5 ஜாக்குக்கு அதே பெட்டி 2 வோல்ட் என்கிறது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் திறன்: 2 வோல்ட்டில் உங்கள் 300 ஓமுக்குப் போவது சுமார் 13 மில்லிவாட். 100 வர வேண்டுமானால் ஏறக்குறைய 5.5 வோல்ட் வேண்டும். பேலன்ஸ்டு வழியில்கூட இந்தக் கருவியால் அது முடியாது. தயாரிப்பாளர் பொய் சொல்லவில்லை. கடைக்காரர் சொன்னது பொய் அல்லது அறியாமை. எதுவானாலும் பொறுப்பு அவருடையதுதான்.

பொருளுக்கு இல்லாத செயல்திறனை இருப்பதாகச் சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47)-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. உங்கள் வழக்கு அவ்வளவுதான்.

இனி, பலர் விழுந்து எழ முடியாமல் போன குழி. மனுவில் “ஒலித்தரம் மோசம், பொருளில் குறைபாடு” என்று எழுதினீர்களானால், ஆய்வு செய்யாமல் இதைத் தீர்மானிக்க முடியாது என்று நுகர்வோர் ஆணையம் நினைக்கலாம். அப்போது பிரிவு 38-இன்படி மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஆய்வுக் கட்டணத்தைக் கட்ட வேண்டியவர் நீங்கள். ஆய்வகத்துக்கு உங்கள் ரசனை தெரியாது. வோல்ட், திரிபு, இரைச்சல் மூன்றையும் அளந்து, “தயாரிப்பாளர் அறிவித்த அளவுகளுக்குள் இயங்குகிறது” என்று அறிக்கை தரும். அது உண்மையாகவும் இருக்கும். உங்கள் பணத்தில் எதிர்தரப்புக்கு ஆவணம் தயாரித்துக் கொடுத்த கதை. அதன்பிறகு வாட்ஸ்அப் வரியைக் காட்டினாலும், “பொருளில் குறையே இல்லையே” என்ற ஒரு வாக்கியத்தோடு மனு முடிந்துபோகும்.

“சத்தம் போதவில்லை” என்றும் எழுதாதீர்கள். 13 மில்லிவாட்டே பல 300 ஓம் ஹெட்போன்களைக் காது நிறைய ஒலிக்க வைக்கும். கடைக்காரர் ஆணையத்திலேயே போட்டுக் காட்டிவிடுவார். நண்பரின் பிரமாணப் பத்திரமும் வேண்டாம். இரண்டு கருவிகளையும் ஒரே ஒலி அளவில் வைத்தீர்களா, எது எதுவென்று தெரியாமல் கேட்டீர்களா என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. ஒரு கருவி மற்றதைவிட ஒரு டெசிபெல்கூட இல்லாத அளவு கூடுதலாக ஒலித்தாலே, கேட்பவருக்கு அது ‘நல்ல ஒலி’யாகத்தான் படும்.

அதே காரணத்துக்காக, தயாரிப்பாளரையோ இறக்குமதியாளரையோ எதிர்தரப்பாகச் சேர்க்காதீர்கள். கோபத்தில் எல்லோரையும் இழுப்பது வழக்கம். இங்கே அப்படிச் செய்தால், வழக்கைக் குறைபாட்டுப் பக்கம் திருப்ப ஒரு இஞ்சினியரையும் கூட்டிவருவார்கள். கடை மட்டும் போதும்.

ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். திறந்த கருவிக்கு வாரண்டியும் போகும், திருப்பித் தரும் பேரமும் போகும். சிப்பின் பெயர் தெரிந்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நீங்கள் சிப்பை நம்பி ஏமாறவில்லை.

200 மணி நேர விஷயம் உங்களுக்கு உதவும், ஆனால் துணைக் காரணமாக மட்டும். இரவும் பகலும் நிறுத்தாமல் ஓட்டினாலும் 200 மணி நேரம் என்பது 8 நாளுக்கு மேல். ரிட்டர்ன் கெடு 7 நாள். இந்தக் கணக்கை அப்படியே எழுதுங்கள். ஓட ஓட ஒலி மேம்படும் என்கிற ‘பர்ன்–இன்’ உண்மையா பொய்யா என்ற விவாதத்துக்குள் ஒரு அடிகூடப் போகாதீர்கள்.

அப்புறம் பில். இதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை. ஸ்டுடியோ பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணோடு வாங்கியிருக்கிறீர்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது கடையின் பதிலுரையில் முதல் பத்தியாக வரும். இதில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் 1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் எதிர்தரப்பு உங்கள் ஊர் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம்தான், இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் நுகர்வோர் அல்ல என்று முடிந்தது. ஆனால் அதே தீர்ப்பு, பிழைப்புக்காகச் சுயதொழிலில் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்பதையும் விளக்கியது. ஆகவே, வேலையாள் இல்லை, நானே பயன்படுத்துகிறேன், இதுவே என் பிழைப்பு என்பதை மனுவில் முதலிலேயே சொல்லுங்கள். அது உண்மையாக இருந்தால் மட்டும். 32,000-இல் அடங்கியுள்ள 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 4,880 ரூபாய். அதை உள்ளீட்டு வரிக் கழிவாக, அதாவது நீங்கள் கட்டும் ஜி.எஸ்.டி.யில் கழித்து, எடுத்திருந்தால் இந்த வாதம் பலவீனப்படும், உங்கள் உண்மையான நஷ்டமும் அந்த அளவு குறையும். ஆடிட்டரிடம் இன்றே கேளுங்கள்.

5 லட்சம் கேட்கலாம், தடையில்லை. நீதிமன்றக் கட்டணம் நீங்கள் கொடுத்த விலையை வைத்துத்தான், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. ஆனால் கேட்கிற தொகையைப் பார்த்தே ஆணையம் உங்களை எடைபோடும்.

சரி, வழக்கே வேண்டுமா? வேண்டாம் என்பேன். ஆய்வு இல்லையென்றால் 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பு உங்களுக்கே தெரியும். அதற்குள் அந்தக் கருவியின் அடுத்த மாடல் வந்துவிடும். கடை 24,000-க்கு இறங்கிவந்திருக்கிறது, அந்த வாட்ஸ்அப் வரியை நீங்கள் கண்டுகொள்ளாமலே. வரியை அப்படியே மேற்கோள் காட்டி, மேலே சொன்ன கணக்கையும் சேர்த்து, 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 32,000 கேளுங்கள், 27,000-க்கு ஒப்புக்கொள்ளுங்கள். பிடிவாதமாக 24,000-இலேயே நின்றாலும் பணமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டோர் கிரெடிட்டுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அதே கடையில் இன்னொரு பெட்டி வாங்கும் நிலை வரும்.

அதுவரை அந்த வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட்டோடு நிற்காமல் உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். வழக்கு என்று வந்தால் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் பிரிவு 63-இன்படி சான்றிதழும் வேண்டியிருக்கும். சமரசத்துக்கு வந்தால், “முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதித் தரும்படி கடைக்காரர் கேட்பார். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே கையெழுத்து, அதன்பிறகே கருவி. பெட்டி, கேபிள், வாரண்டி அட்டை எல்லாம் சேர்த்து, சீரியல் எண் தெரியும்படி படம் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.