முதலில் பதிவுள்ள தொழில், அப்புறம் பேரிடர் பயிற்சி

லாபிஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் நேராகக் கேட்டது ஒரு கேள்வி. மகன் ஐந்தாம் படிவத்தில் இருக்கிறான், பள்ளியில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சீருடை போடுகிறான். ‘பேரிடர் மேலாண்மை’ என்ற பெயரில் ஒரு படிப்பைச் சொல்லி முகவர் ஒருவர் வீட்டுக்கே வந்து முன்பணம் கேட்கிறார், கொடுக்கலாமா என்கிறீர்கள். கேட்காமல் கேட்ட கேள்வி இன்னொன்றும் இருக்கிறது. வெள்ளத்திலும் நெருப்பிலும் போய் நிற்கிற வேலை நம் பிள்ளைக்கு எதற்கு என்பதுதான் அது. இரண்டுக்கும் பதில் சொல்கிறோம்.

முன்பணத்தை இப்போது கொடுக்க வேண்டாம். பேரிடர் பயிற்சி தனியாக நிற்கும் தொழில் அல்ல. மருத்துவ உதவி அதிகாரி, தாதி, தீயணைப்பு வீரர் என்று ஏற்கெனவே ஒரு தொழிலில் இருப்பவர் அதன் மேல் சேர்த்துக்கொள்ளும் பயிற்சி அது. நம் நாட்டில் பெரிய விபத்து நடந்த இடத்தை மூன்று வட்டமாகப் பிரிப்பார்கள். சிவப்பு வட்டத்தில் மீட்புப் படைகள் மட்டும் நிற்கும். மஞ்சளில் கட்டுப்பாட்டு நிலையமும் மருத்துவத் தளமும் இருக்கும். பச்சையில் உறவினர்களும் பத்திரிகைக்காரர்களும். கையில் சான்றிதழ் மட்டும் வைத்துக்கொண்டு வருபவர் பச்சையைத் தாண்ட முடியாது. எந்தப் படை, எந்த மருத்துவமனை, யாருடைய பொறுப்பில் வந்திருக்கிறாய் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

முகவர் திரும்பி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்பு மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா? இருந்தால் அதை இணையத்தில் உங்கள் கண் முன்னே திறந்து காட்டச் சொல்லுங்கள். முடித்தவர் எந்தத் தொழில் வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம்? பொதுச் சேவை ஆணையத்தின் எந்தப் பதவிக்கு இந்தச் சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம்? இரண்டாவது கேள்வியிலேயே பேச்சு மாறினால் அதுவே பதில்.

உங்கள் மகனுக்குப் பொருத்தமாகத் தெரிவது மருத்துவ உதவி அதிகாரி படிப்பு. ‘டிரஸ்ஸர்’ என்றால் உங்கள் மாமனார் காலத்து ஆட்களுக்கு உடனே புரியும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் முதல் பாம்புக்கடி வரை பார்த்தவர்களின் வேலை அது. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-லேயே தனிச் சட்டம் வந்தது. 1977-ஆம் ஆண்டின் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டப்படி இன்று வாரியப் பதிவு இல்லாமல் யாரும் இந்த வேலையைச் செய்ய முடியாது. படிப்பு மூன்றாண்டு டிப்ளோமா. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களிலும் அங்கீகாரம் பெற்ற தனியார் கல்லூரிகளிலும் நடக்கிறது. ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் மலாய்மொழி, கணிதம், ஓர் அறிவியல் பாடம் உட்பட ஐந்து கிரெடிட் தேவை, ஆங்கிலத்தில் தேர்ச்சியும் வேண்டும். சேர்க்கை விதிகள் அவ்வப்போது மாறும், ஆகவே அந்தந்த ஆண்டு விளம்பரத்தை வரி விடாமல் படியுங்கள். வரலாற்றில் தோற்றால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது என்பதைப் பல பிள்ளைகள் கடைசி மாதம்வரை மறந்துவிடுகிறார்கள்.

இந்தத் தொழிலை முன்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 999-க்கு அழைத்தால் வரும் அரசு மருத்துவமனை ஆம்புலன்ஸில் நோயாளியைக் கவனிப்பவர் பெரும்பாலும் மருத்துவ உதவி அதிகாரிதான். வேலையில் சேர்ந்தபின் அவசரச் சிகிச்சையில் ‘போஸ்ட் பேசிக்’ என்ற மேற்பயிற்சி படிக்கலாம். படுகாயம் அடைந்தவரைக் காக்கும் மலேசியன் டிராமா லைஃப் சப்போர்ட் போன்ற பயிற்சிகளுக்குப் பெரும்பாலும் துறையே அனுப்பும். இதே பயிற்சிகளுக்கு வெளியில் கைக்காசு போட்டுச் சேருபவர்கள் உண்டு. சான்றிதழ் கிடைத்தாலும் தினமும் நோயாளியைத் தொடாத கைக்கு ஆறு மாதத்தில் அது மறந்துபோகும்.

தீயணைப்பு மீட்புப் படையான போம்பாவில் சேர ஆசை என்றால் அதுவும் நல்ல வழி. ஆனால் அங்கே மதிப்பெண்ணைவிட உடம்புதான் முதலில் வடிகட்டும். உயரம், எடை, ஓட்டம், பார்வை எல்லாம் பார்ப்பார்கள். நிறக்குருடு இருந்தால் அத்தோடு முடிந்தது. இதை விண்ணப்பிக்கும் நாளில் அல்ல, இந்த வாரமே பட்டணத்துக் கண்ணாடிக் கடையில் சோதித்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. சிவப்பும் பச்சையும் தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது பதினேழு வயதுவரை தெரியாமலேயே இருக்கும் பையன்கள் இருக்கிறார்கள்.

இனி, அந்தப் பயிற்சியில் என்னதான் சொல்லித்தருகிறார்கள் என்று பார்ப்போம். இது தெரிந்தால் உங்கள் பயமும் கொஞ்சம் குறையும்.

அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிதான் முதல் படி. இதயம் நின்றவரின் நெஞ்சை 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. எண்ணிக்கையை எல்லாரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். தவறு நடப்பது அழுத்திய கையை முழுக்க மேலே எடுக்காமல் நெஞ்சின் மேல் சாய்ந்துகொள்வதில். நெஞ்சு மேலெழுந்தால்தான் இதயத்துக்குள் திரும்பவும் இரத்தம் நிறையும். இன்னொன்று களைப்பு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், ஆனால் வீம்புக்கு ஐந்து நிமிடம் அழுத்துபவர்கள் உண்டு. ஆழம் குறைந்துவிட்டது அவர்களுக்கே தெரியாது, பயிற்சிப் பொம்மையில் உள்ள விளக்குதான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது, யாருக்கு முதலில் சிகிச்சை என்று காயமடைந்தவர்களைத் தரம் பிரிப்பது. சிவப்பு அட்டை என்றால் உடனே சிகிச்சை, மஞ்சள் என்றால் சற்றுக் காத்திருக்கலாம், பச்சை என்றால் இலேசான காயம், கறுப்பு என்றால் இறந்தவர். பேரிடர் பயிற்சியின் உயிர்நாடியே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். ‘ஸ்டார்ட்’ என்ற முறைப்படி ஓர் ஆளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிடக் கூடாது. முதலில், “நடக்க முடிந்தவர்கள் அந்த மரத்தடிக்குப் போங்கள்” என்று சத்தம் போட வேண்டும். போனவர்களுக்குப் பச்சை அட்டை. மீதி இருப்பவர்களிடம் மூச்சைப் பார்க்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் தலையைச் சரிசெய்து மூச்சுப்பாதையைத் திறக்க வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் கறுப்பு, வந்துவிட்டால் சிவப்பு. நிமிடத்துக்கு 30 மூச்சுக்கு மேல் போனாலும் சிவப்புதான். அடுத்து மணிக்கட்டில் நாடி. கிடைக்கவில்லை என்றால் சிவப்பு. கடைசியாக, “என் கையைப் பிடி” என்று சொல்லிப் பார்க்க வேண்டும். சொன்னபடி செய்யாதவர் சிவப்பு, செய்பவர் மஞ்சள். இந்தச் சுற்றில் செய்யும் சிகிச்சை இரண்டே இரண்டு. மூச்சுப்பாதையைத் திறப்பது, கொட்டும் இரத்தத்தை நிறுத்துவது.

படிக்க எளிது. பள்ளித் திடலில் இருபது பேரைப் படுக்கவைத்து, ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு தாளை மாட்டி ஒத்திகை நடத்தும்போதுதான் உண்மை தெரியும். ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு “அம்மா, அம்மா” என்று கத்துவான். புதுப் பயிற்சியாளர்களில் பாதிப் பேர் அவனிடமே போய்க் குந்திவிடுவார்கள், கட்டுப்போடத் தொடங்குவார்கள், நான்கு நிமிடம் போய்விடும். அவனுக்கு இரண்டு கஜம் பின்னால் வேலியோரத்தில் ஒரு பெண் பிள்ளை சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் தாளில் ‘மூச்சு 36’ என்று எழுதியிருக்கும். யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். கத்துகிறவனுக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது என்பதை மூளை அறியும், கை அறிய இப்படிப் பல ஒத்திகை வேண்டும். கறுப்பு அட்டையைக் கட்டிவிட்டு அடுத்த ஆளிடம் நகர்வது அதைவிடக் கடினம். பதினேழு வயதில் அது உடனே வரவில்லை என்றால் பையனிடம் குறையில்லை.

இரத்தத்தை நிறுத்தும் இறுக்குப்பட்டையைக் காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே போட வேண்டும், முட்டி மூட்டிலோ முழங்கை மூட்டிலோ போடக் கூடாது. கட்டிய நேரத்தை எழுத வேண்டும். பாவம் வலிக்கிறதே என்று அரைகுறையாக இறுக்குவதுதான் இங்கே பெரிய தவறு. அப்படிச் செய்தால் உள்ளே போகும் இரத்தம் நிற்காது, திரும்பும் வழி மட்டும் அடைபட்டுக் கசிவு கூடிவிடும். இடையிடையே தளர்த்திப் பார்ப்பதும் தப்பு.

உங்கள் வட்டாரத்துக்கு என்று சில பாடங்கள் உண்டு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் சிகாமட் வெள்ளத்தில் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாதாரண நாளில் லாபிஸிலிருந்து சிகாமட் மருத்துவமனைக்குச் சுமார் அரை மணிப் பயணம். சாலை மூழ்கிச் சுற்றிப் போனால் இரண்டு மணியோ மூன்றோ. 680 லிட்டர் கொள்ளும் ஆக்சிஜன் சிலிண்டர் நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் 68 நிமிடம்தான் வரும். அடியோடு தீரும்வரை ஓட்டவும் கூடாது. கிளம்புவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடாத குழு நடுவழியில் மாட்டிக்கொள்ளும். கணிதக் கிரெடிட் எதற்கு என்று மகன் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ரப்பர் பால் கெடாமலிருக்க அமோனியா சேர்ப்பது உங்களுக்குத் தெரிந்ததே. குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் குளோரின் இருக்கும். அமோனியா வாயு காற்றைவிட இலேசு, குளோரின் கனம், பள்ளத்தில் தேங்கும். இரண்டிலும் காற்று வரும் திசையில்தான் நிற்க வேண்டும். இரசாயனம் பட்டவரின் துணியைக் களைந்தாலே பெரும்பகுதி போய்விடும், பிறகு நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இதைச் செய்யாமல் அப்படியே வண்டியில் ஏற்றினால் ஆம்புலன்ஸும் அவசரப் பிரிவும் சேர்ந்து பாழாகும். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட கழிவால் 111 பள்ளிகளை மூட வேண்டிவந்தது ஜொகூர்க்காரர்கள் அறிந்ததுதான். நிலநடுக்கம் நமக்கில்லை என்று இருந்தோம், 2025 ஆகஸ்ட் 24 காலையில் சிகாமட்டிலேயே 4.1 அளவில் ஒன்று வந்து போனது.

இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். அதை வீண் பயம் என்று சொல்ல மாட்டோம். 2010-இல் பகாங், மாரான் வட்டாரத்து லுபுக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களிடையே எலிச்சிறுநீர்க் காய்ச்சலும் மண்ணிலும் நீரிலும் இருக்கும் மெலியோய்டோசிஸ் கிருமியும் பரவின. எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது அடித்துக்கொண்டு போகும் வெள்ளம் அல்ல, தேடி முடித்து வீடு திரும்பிய பிறகு வந்த காய்ச்சல். அதனால்தான் இன்றைய பயிற்சியில் முதல் பாடம் தன்னைக் காத்துக்கொள்வது. பூட்ஸ், கையுறை, புண் இருந்தால் நீர் புகாத கட்டு, வேலை முடிந்ததும் சோப்புக் குளியல். அடுத்த மூன்று நான்கு வாரத்தில் காய்ச்சல் கண்டால் பாரசிட்டமோல் போட்டுக்கொண்டு படுக்காமல், “நான் வெள்ளத் தண்ணீரில் நின்றேன்” என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு மெலியோய்டோசிஸ் ஆபத்து இன்னும் அதிகம். குடும்பத்தில் சர்க்கரை நோய் இருந்தால் மகன் ஆண்டுதோறும் இரத்தம் சோதிப்பது நல்லது. பயிற்சி இல்லாமல் ஆர்வத்தில் இறங்குபவனுக்கு இதெல்லாம் தெரியாது. அடுத்த வெள்ளத்தில் உங்கள் மகன் எப்படியும் உதவப் போவான் என்று தோன்றுகிறது, தெரிந்துகொண்டு போகட்டும்.

இந்த ஆண்டுக்குள் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. செயின்ட் ஜானில் முதலுதவிச் சான்றிதழைப் புதுப்பித்து வைக்கட்டும், பொறுப்பு ஏதாவது கிடைத்தால் விடாமல் எடுத்துக்கொள்ளட்டும். அரசு உயர்கல்விக் கழகங்களில் சேருவதற்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் புறப்பாட நடவடிக்கைக்குப் பத்து விழுக்காடு இருக்கிறது. பதினெட்டு ஆனதும் பொதுத் தற்காப்புப் படையில் தொண்டூழியராகச் சேர விசாரிக்கலாம். மாவட்டப் பேரிடர்க் குழுவின் செயலகம் அவர்கள்தான். துயர்துடைப்பு மையம் எப்படி நடக்கிறது, இன்சுலின் யாருக்கு வேண்டும், இரத்தச் சுத்திகரிப்புக்கு யாரை எந்த நாளில் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அங்கே கண்ணால் பார்த்துப் பழகலாம். நேர்முகத் தேர்வுக்கு மலாய்மொழியில் தடுமாறாமல் பேசப் பழக வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் பதில் தெரிந்தும் கோட்டைவிடுவது இங்கேதான். தினமும் மலாய்ச் செய்தி ஒன்றைச் சத்தமாகப் படித்து, அதைத் தன் சொந்த வார்த்தையில் இரண்டு நிமிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

இன்னொன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம், பிறகு மனவருத்தம் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. வெள்ளக் காலத்தில் போம்பாவிலும் தற்காப்புப் படையிலும் விடுப்பை முடக்குவது வழக்கம், மருத்துவமனையிலும் ஆளைத் திரும்பக் கூப்பிடுவார்கள். பொங்கலும் தைப்பூசமும் அந்த மாதங்களில்தான் வரும். வீட்டில் நல்ல காரியம் வைப்பதாக இருந்தால் ஏப்ரலுக்குப் பிறகு தேதி பாருங்கள்.