உயர்கல்வி, திறன் பயிற்சிக் கொள்கைத் துறையில் வேலைக்குப் போகலாமா? உள்ளே என்னதான் செய்வார்கள்?

போகலாம். ஆனால் கொள்கை என்றதும் கோட்டு போட்டுக்கொண்டு அறிக்கை வாசிப்பது என்று நினைத்து வந்தால் சீக்கிரமே அலுத்துவிடும். நான் ஒரு திட்ட அலுவலகத்தில் ஒப்பந்த ஆலோசகராக இருக்கிறேன். பயிற்சி முடித்தவருக்கு வேலை கிடைத்ததா, இல்லையா? இந்த ஒரு கேள்வியை எக்செல்லில் துரத்துவதிலேயே என் பொழுதில் பாதி போய்விடுகிறது.

2015-இல் மத்திய அரசு தன் திறன் பயிற்சித் திட்டங்களுக்கெல்லாம் பொது நெறிமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. தேறியவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேர் பயிற்சி முடிந்த மூன்று மாதத்துக்குள் வேலையிலோ சுயதொழிலிலோ இருக்க வேண்டும். சம்பள வேலை என்றால் குறைந்தபட்ச ஊதியமாவது கிடைக்க வேண்டும், மூன்று மாதமாவது அதில் நீடிக்க வேண்டும். பயிற்சி நிறுவனத்துக்குச் சேர வேண்டிய பணத்தில் ஒரு பங்கு இதைப் பார்த்துத்தான் விடுவிக்கப்படும். அதனால் எல்லோருடைய கண்ணும் அந்த மூன்றாவது மாதத்தின் மேல்தான். நாலாவது மாதம் அந்தப் பிள்ளை என்ன ஆனார் என்று கேட்க ஆளில்லை.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்ததாகப் பதிவான பெண்ணுக்கு ஒருமுறை போன் செய்தேன். ஊருக்கே திரும்பியிருந்தார். “சம்பளம் பரவால்ல சார். நைட் ஷிப்ட் முடிஞ்சா கம்பெனி பஸ் மெயின் ரோட்டுலயே இறக்கி விட்டுடும். அங்கேருந்து இருட்டுல நடக்கணும். அப்பா வேணாம்னுட்டார்.” எங்கள் படிவத்தில் இதற்கு இடமே இல்லை; ‘விருப்பமில்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். காரணப் பட்டியலில் ‘போக்குவரத்து’ என்று ஒரு வரி சேர்க்க எத்தனை கூட்டம், எத்தனை கடிதம்! கோப்பில் அது வந்தால்தான் பேருந்தைப் பற்றி அடுத்த துறையிடம் பேசவே முடியும். இந்த மாதிரி வேலையில் உங்களுக்கு ருசி இருந்தால் தாராளமாக வாருங்கள்.

நிரந்தர வேலைதான் வேண்டும் என்றால், இன்ஜினியரிங் முடித்தவர்கள் யூபிஎஸ்சி நடத்தும் பொறியியல் பணிகள் தேர்வு வழியாக இந்தியத் திறன் மேம்பாட்டுப் பணிக்குப் போகலாம். குரூப் ஏ பதவி, அதாவது மத்திய அரசின் உயர்நிலை அதிகாரி வேலை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஆலோசனை நிறுவனம், தொண்டு நிறுவனம், ‘நான் முதல்வன்’ மாதிரியான அரசுத் திட்டங்களில் ஒப்பந்த வேலை. சுவாரசியமான வேலைதான், ஆனால் ஒப்பந்தத்தைக் காட்டி வீட்டுக்கடன் கேட்டுப் பாருங்கள், வங்கி மேலாளர் முகம் போகும் போக்கே தனி.

வருவதற்கு முன் தொழில் பழகுநர் (வேலை செய்துகொண்டே தொழில் கற்கும் அப்ரண்டிஸ்) சட்டத்தைப் படித்துவிடுங்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர் எடுக்க வேண்டும் என்று 2019-இல் விதியைத் திருத்தினார்கள். படித்த கையோடு உங்கள் ஊரில் ஏதாவது ஒரு கம்பெனியின் எச்ஆரிடம் எத்தனை பேரை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். அப்புறம் பக்கத்து அரசு ஐடிஐயில் ஃபிட்டர் பட்டறை ஆசிரியரோடு ஒரு டீ குடியுங்கள். எந்த மெஷின் ஓடுகிறது, எது திறப்பு விழாவோடு நின்றது என்று அவரே சொல்லிவிடுவார்.

பட்டம் பொருளாதாரமா, பொதுக் கொள்கையா, சமூகப் பணியா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம், எதுவானாலும் சரி. எக்செல்லில் தரவைச் சுருக்கிக் காட்டும் பிவட் டேபிள் போடத் தெரியாமல் மட்டும் வந்துவிடாதீர்கள்.