இரண்டே ராஜாக்களுடன் ஒரு குடில்

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு பழைய சாமான் கடையில் கிறிஸ்துமஸ் குடில் சுரூபங்களை 800 ரூபாய்க்கு வாங்கினேன். முழு செட் என்றார் கடைக்காரர். வீட்டில் பிரித்துப் பார்த்தால் மூன்று ராஜாக்களில் ஒருவரைக் காணோம். சூசையப்பரின் வலது கை ஒட்டுப்போட்டது. கழுதைக்கு ஒரு காது இல்லை. குழந்தை இயேசு வேறு செட்டைச் சேர்ந்தவர் போலும். முன்னணைக்கு (தீவனத் தொட்டிக்கு) வெளியே கால் நீட்டிக்கொண்டிருக்கிறார். மாதாவின் முகத்தைப் பார்த்தால் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. நாத்தனாரோ, ‘மூளியான சுரூபத்தை வீட்டில் வைக்கலாமா?’ என்கிறார். ஏமாந்துவிட்டேனா? (படம் இணைத்திருக்கிறேன்.)
– வாசகி, பூதலூர்

பதில்: விலையில் ஏமாறவில்லை, கடைக்காரரின் வாக்கில் ஏமாந்திருக்கிறீர்கள். முழு செட் என்று சொல்லி விற்றவர் குறைந்த ராஜாவுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். பழைய பொருள் என்பதற்காகக் கடைக்காரரை நுகர்வோர் சட்டம் விட்டுவிடாது. ரசீதைக் காட்டி நூறோ நூற்றைம்பதோ திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஒரு ராஜாவுக்காக நான் அதுவரை போக மாட்டேன்.

ராஜாக்கள் மூவர் என்று பைபிளிலேயே இல்லை. மத்தேயு ‘ஞானிகள்’ என்கிறாரே தவிர, எத்தனை பேர் என்று சொல்லவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாக இருந்ததால் ஆட்களும் மூவரானார்கள். ரோமின் நிலத்தடிக் கல்லறை ஓவியங்களில் இரண்டு பேர் வருவதும் உண்டு, நான்கு பேர் வருவதும் உண்டு. நற்செய்தியின் பிறப்புக் காட்சியில் கழுதையே கிடையாது. அதன் காதுக்கு யார் கணக்குக் கேட்கப்போகிறார்கள்? 1223இல் புனித பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியின் கிரெச்சோவில் அமைத்த குடிலில் தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடு, கழுதை, அவ்வளவுதான். அதைவிட உங்களிடம் ஆள் அதிகம்.

மூளி விக்கிரகம் பூசைக்கு ஆகாது என்பது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஊறிய எண்ணம். குடில் ஒரு காட்சி. நாத்தனாரிடம் அப்படியே சொல்லுங்கள். படத்தில் சூசையப்பரின் மணிக்கட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பசை மஞ்சளாகிப்போய், அதை மறைக்க யாரோ அங்கியின் விளிம்பில் சற்றே வேறு பழுப்பைப் பூசியிருக்கிறார். கோடு பிசகவில்லை. இதைப் பிரித்து ஒட்டாதீர்கள். எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டிக்கு ஒரு கால் தீக்குச்சி. பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகள் முதலில் தேடுவது அதைத்தான்.

நான் பயப்படுவது ஈரத்துக்குத்தான். சுரூபத்தின் அடிப்பாகத்தை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவாக உதிர்ந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது. அந்தச் சுரூபம் நிற்காது. ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், காய்ந்த பிரஷ் போதும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், குழந்தைகள் வாயில் வைக்கவும் விடாதீர்கள். குடிலில் பச்சைக்காக நெல் முளைக்கவிட்டுத் தண்ணீர் தெளிப்பீர்கள் என்றால், சுரூபங்களுக்கு அடியில் ஆளுக்கொரு ஓட்டுத்துண்டு வையுங்கள். மார்கழி ஈரமே போதாதா?

குழந்தையை எப்படியும் 24ஆம் தேதி நள்ளிரவில்தான் வைக்கப்போகிறீர்கள். அதற்குள் ரசீதோடு அந்தக் கடைக்குப் போகும்போது, குழந்தை இயேசுவின் சொந்த முன்னணை அங்கே எங்காவது கிடக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.