கேள்வி – பதில்: தோலைப் பார்க்க முதல் தையலைப் பாருங்கள்

கேள்வி: கனடாவில் இருக்கும் மகன் தோல் மட்டை போட்ட ஒத்துவாக்கிய வேதாகமம் (ஒரு வசனத்தோடு ஒத்த மற்ற வசனங்களைப் பக்கத்திலேயே குறித்துக் காட்டுவது) ஒன்று அனுப்புவதாகச் சொல்கிறான். ‘ஜெனுவின் லெதர்’ என்று அடித்திருந்தால் நம்பி எடுக்கலாமா?
– வாசகி, நல்லூர்

பதில்: தோல்தான். எந்தத் தோல் என்பதை அந்தச் சொல் சொல்லாது. பெரும்பாலும் பன்றித்தோலாக இருக்கும். ‘பொண்டட் லெதர்’ என்றிருந்தால் வேண்டாம். வெட்டிக் கழித்த தோல் துண்டுகளை அரைத்துப் பசை சேர்த்துத் தகடாக்கியது அது. மட்டை மடிகிற இடத்தில் சில வருடத்திலேயே வெடித்து உரியும். ஆட்டுத்தோலும் கன்றுத்தோலும் நின்றுபிடிக்கும், விலையும் அதற்கேற்றபடிதான்.

ஆனால் மட்டை கிழிந்தால் மாற்றலாம், உள்ளே கட்டு பிழைத்தால் சரிசெய்வது கஷ்டம். புத்தகத்தை மூடி, முதுகின் மேல்நுனியைப் பாருங்கள். தாள்கள் சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகளாக, அச்சகத்தார் சொல்கிற ‘பாரம்’ பாரமாக, அடுக்கியிருக்க வேண்டும். ஒரு பாரத்தின் நட்டநடுவை விரித்தால் நூல் தெரியும். நுனியில் ஒட்டியிருக்கும் நிறப்பட்டியைத் தையல் என்று நினைத்துவிடாதீர்கள்; இப்போதைய புத்தகங்களில் அது அநேகமாக அலங்காரம்தான். நூலே இல்லாமல் மட்டமாக வெட்டி ஒட்டியதென்றால், எங்கள் வெக்கைக்குப் பசை காய்ந்து நொறுங்கி, தாள் தாளாகக் கையோடு வரும்.

அடுத்தது தாள். ஒரு தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். முன்பக்க வரியும் பின்பக்க வரியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் நல்ல அச்சு. இல்லாவிட்டால் பின்பக்க எழுத்தின் நிழல் வரிகளுக்கு நடுவே விழுந்து கண்ணை வருத்தும். ஒத்துவாக்கியங்கள் பெரும்பாலும் நடுப்பத்தியில் பொடி எழுத்தில் வரும். அந்தப் பத்தியைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லி, உங்கள் கண்ணுக்குப் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகு காசு கட்டச் சொல்லுங்கள்.

புதிதில் ஆதியாகமப் பக்கம் விறைப்பாக நிற்கும். முதல் பாரத்துக்கும் கடைசிப் பாரத்துக்கும் பலத்துக்காகக் கூடுதல் தையல் போடுவதுண்டு, அது பழுதல்ல. முதுகை மேசையில் ஊன்றி, முன்னால் பத்துத் தாள், பின்னால் பத்துத் தாள் என்று மாறி மாறிச் சாய்த்து, விரலால் மெல்லத் தடவி நடுவுக்கு வாருங்கள். எடுத்த எடுப்பில் நடுவை விரித்து அமத்தினால் முதுகு உடையும்.

கேள்வி: அப்பம்மாவின் பழைய வேதப்புத்தகத்தைத் தொட்டால் கையில் செம்மண் மாதிரித் தூள் ஒட்டுகிறது. தேங்காயெண்ணெய் பூசலாமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: கூடவே கூடாது. பட்டைச் சாயத்தில் பதனிட்ட பழந்தோல் அமிலமேறி உக்குவதால் வரும் தூள் அது. எண்ணெய் அதை மாற்றாது. தாளுக்குள் இறங்கிக் கறைதான் போடும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, பெட்டியில் படுக்கவையுங்கள், நிறுத்த வேண்டாம். தலைப்புப் பக்கத்து ஆண்டையும் ஒருக்கால் பாருங்கள். 1850 என்றிருந்தால், ஆறுமுக நாவலர் உதவியோடு மிஷனரி பீற்றர் பேர்சிவல் யாழ்ப்பாணத்தில் செய்த மொழிபெயர்ப்பாக இருக்கலாம். புதுக்கட்டுப் போடக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: மாரி வந்தால் தோல் மட்டையில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கிறது. வெயிலில் வைக்கலாமா?
– வாசகி, பருத்தித்துறை

பதில்: வெயிலில் தோல் சுருங்கி மட்டை வளையும். மற்றப் புத்தகங்களிலிருந்து பிரித்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு மூக்கு வாயை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் பூஞ்சணம் தோலுக்குள் தேய்ந்து இறங்கும். அலுமாரியில் சுவரோடு ஒட்டாமல் வையுங்கள். பூச்சி உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சணத்துக்கு அல்ல.